புதிதாகச் சேர்ந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுக்குக் கைகொடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுடன் முதல் ஆறு மாதம் கூட நிற்பதும் என் வேலையில் சேர்த்தி. அவர்கள் கேட்கும் கேள்விகளும், "இனிமேல் புதியவர்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று திடீரென்று பொறுப்பு வந்து சேர்ந்த சீனியர்கள் கேட்கும் கேள்விகளும் வருஷா வருஷம் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் மருத்துவமனையின் விதிமுறையும் மருத்துவரின் உத்தரவும் எப்போதும் இதற்கு மேல்.

இந்த வேலையைத் தமிழில் என்னவென்று சொல்வது?

மலாயில் 'ஜுருபுலிஹ் சாரா கெர்ஜா' என்பார்கள். தமிழில் செயல்முறைச் சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை என்று எழுதுகிறார்கள். 'தொழில்' என்ற சொல்லைக் கேட்டதும் "எனக்கு வேலை தேடித் தருவீங்களா?" என்று கேட்ட நோயாளிகள் உண்டு. அதனால் நான் பெயரை விட்டுவிட்டு வேலையைச் சொல்வேன்: "நீங்க மறுபடியும் நீங்களே சாப்பிட, குளிக்க, உடுத்த, சமைக்க, வேலைக்குப் போக என்ன செய்யலாம்னு பார்க்க வந்திருக்கேன்." புதியவர்களிடம் முதல் நாளே கேட்பது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அவர்களுக்கே உரிய விதத்தில் அதைச் சொல்லப் பழக வேண்டும். முடிந்தால் இங்குள்ள சீனர்கள் பேசும் ஹொக்கியெனிலும் கொஞ்சம். பினாங்கு வார்டில் அது மிகவும் உதவும்.

பட்டம் இருக்கிறது, பதிவும் செய்தாகிவிட்டது. அப்புறமும் ஒருவர் கூடவே நிற்க வேண்டுமா?

வேண்டும். 2016ஆம் ஆண்டின் 774ஆம் எண் சட்டப்படி, மலேசியாவில் ஆக்குபேஷனல் தெரபி உட்பட 23 துணை மருத்துவத் தொழில்களுக்குப் பதிவு உண்டு. அடிப்படைத் தகுதி இருக்கிறது என்பதற்குப் பதிவு அத்தாட்சி. பாடப்புத்தகத்தில் ஒரு நோயாளிக்கு ஒரு நோய்தான் இருக்கும். வார்டில் படுத்திருக்கும் 68 வயது ஐயாவுக்குப் பக்கவாதம், இனிப்புநீர் (சர்க்கரை நோய்), ஒரு கண்ணில் புரை, முன்பே தேய்ந்த முழங்கால் என்று எல்லாம் சேர்ந்திருக்கும். மகளோ பட்டர்வொர்த் போகிற பெர்ரியைப் பிடிக்க அவசரப்படுவாள். இத்தனைக்கும் நடுவில் எதை முதலில் செய்வது, எதை இன்று விட்டுவிடுவது என்று முடிவெடுக்கப் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லித்தந்தால்தான் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. மாணவராக இருந்தபோது குறிப்பின் கீழே வேறொருவர் கையெழுத்துப் போட்டார். இப்போது அது தன் கையெழுத்து. அந்தக் கனம் முதல் மாதம் பல பிள்ளைகளைத் தூங்கவிடுவதில்லை. அதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்பதை நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் என்ன செய்ய வைக்கிறீர்கள்?

நோயாளியைத் தொடவே விடுவதில்லை என்று சொல்லிவிடலாம். அவசர பொத்தான் எங்கே, ஆக்சிஜன் எங்கே, எந்தச் சக்கர நாற்காலியின் பிரேக் சரியாகப் பிடிக்காது, எந்த வார்டில் எந்த நேரம் தாதிகள் மருந்து கொடுப்பார்கள் என்பதையெல்லாம் நடந்து பார்க்க வைக்கிறேன். கைகழுவும் ஐந்து தருணங்களைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். அதை ஒப்பிக்கச் சொல்வதில்லை. என்னைக் கவனித்து, நான் எந்தத் தருணத்தைத் தவறவிட்டேன் என்று மாலையில் சொல்லச் சொல்வேன். சீனியரிடம் தப்பைச் சுட்டிக்காட்டலாம் என்பதை அவர்கள் கற்றுக்கொள்வது அப்படித்தான்.

எப்போது தனியாக விடலாம்?

மாதக் கணக்கு வைத்து விடக் கூடாது. வேலைக்கு வேலை வேறுபடும். நான் செய்வதை அவர் பார்ப்பார், பிறகு சேர்ந்து செய்வோம், அப்புறம் அவர் செய்ய நான் கட்டிலருகே நிற்பேன், அதன்பின் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருப்பேன். கடைசியில் அவர் குறிப்பை மட்டும் படிப்பேன். ஒரே ஆள் பல் துலக்கும் பயிற்சியில் கடைசிப் படியிலும், தசைநார் தைத்த கைக்கு ஸ்ப்ளிண்ட் (கையை அசையாமல் தாங்கும் பட்டை) செய்வதில் முதல் படியிலும் இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதை ஒரு தாளில் எழுதி, இருவரும் தேதி போட்டு வைத்துக்கொண்டால் "எனக்கு யாரும் சொல்லலையே" என்ற பேச்சு வராது.

கூட நின்று பார்க்கும்போது எதைப் பார்க்கிறீர்கள்?

கையைப் பார்ப்பதற்கு முன் கண்ணைப் பார்ப்பேன். பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது, தொடுவதற்கு முன் புதியவரின் கண் எங்கே போகிறது? வழுக்காத செருப்பு போட்டிருக்கிறாரா, சிறுநீர்க் குழாய் எந்தப் பக்கம் தொங்குகிறது, கையில் டிரிப் ஏறுகிறதா, நாற்காலி பலமான பக்கத்தில் இருக்கிறதா, இரண்டு பிரேக்கும் போட்டாயிற்றா, கால்வைக்கும் பலகை ஒதுக்கியாயிற்றா, கட்டிலின் உயரத்தில் இரண்டு பாதமும் தரையில் படிகிறதா. நன்றாகப் பழகியவருக்கு இவ்வளவையும் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. புதியவர் மெதுவாகப் பார்க்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம்.

அடுத்து, பிடிக்கும் இடம். பலமிழந்த கையைப் பிடித்துத் தூக்குவதையும் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதையும் முதல் நாளே தடுத்துவிட வேண்டும். பக்கவாதத்தில் தோள் தசை தளர்ந்துபோனால் மூட்டைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லாத நிலை. இழுத்தால் எலும்பு மூட்டிலிருந்து நழுவும். அந்த வலி மாதக் கணக்கில் நிற்கும். அதனால் கைக்குப் பலன் தரும் பயிற்சிகளே தள்ளிப்போகும். இடுப்பைப் பிடி, அல்லது அதற்கென்று உள்ள பெல்ட்டைக் கட்டிப் பிடி. "ஒன்று, இரண்டு, மூன்று" என்பதை நோயாளியின் மொழியில் சொல். அவர் எழும்ப முயலும்போது நீ உதவு.

உறவினர் அந்த நேரம் பார்த்து ஓடிவந்து கையைப் பிடித்து இழுப்பார். அன்பினால் செய்வது அது. அதனால் ஆரம்பிக்கும் முன்பே அவருக்கும் ஒரு வேலை கொடுத்துவிடச் சொல்கிறேன்: "அண்ணே, நீங்க இந்தப் பக்கம் நின்னு அப்பாகிட்ட பேசிட்டே இருங்க."

நோயாளி முன்னாலேயே திருத்தலாமா?

ஆபத்து என்றால் அந்த நொடியிலேயே. மற்றதெல்லாம் பிறகு, தனியாக. இதற்கு முன்கூட்டியே ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்கிறோம்: 'செகெஜாப்'. மலாயில் 'கொஞ்சம் பொறு' என்று பொருள். வார்டில் எல்லாரும் நாள் முழுக்கச் சொல்லும் சொல், அதனால் நோயாளி பதற மாட்டார். நான் 'செகெஜாப்' என்றால் கையை அசைக்காமல் அப்படியே நிற்க வேண்டும். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு தடவை ஒரு பெண் பிள்ளை எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். பிரேக், பெல்ட், பாதம் எதிலும் குறையில்லை. "இரண்டு" என்று எண்ணும்போதுதான் கவனித்தேன், சிறுநீர்ப் பை கட்டிலின் அந்தப் பக்கக் கம்பியிலேயே மாட்டியிருந்தது. "செகெஜாப்" என்றேன். நின்றாள். பையைக் கழற்றி நாற்காலிப் பக்கம், இடுப்புக்குக் கீழே மாட்டினோம். பாட்டிக்கு ஒன்றும் தெரியவில்லை. மாலையில் அவளே சொன்னாள்: "அக்கா, இனிமே எண்ண ஆரம்பிக்கும் முன்னாடி குழாயைக் கையால தொட்டுப் பார்த்துட்டுத்தான் எண்ணுவேன்." அவளே கண்டுபிடித்த வழி அது. இப்போது எல்லாருக்கும் அதையே சொல்லித்தருகிறேன். சிறுவர் பிரிவிலும் நாங்கள் வைத்திருப்பது இதே சொல்தான்.

எந்த நிலையில் பயிற்சியை நிறுத்த வேண்டும்?

சந்தேகம் வந்தாலே நிறுத்தலாம். நிறுத்தியதற்காக யாரையும் நான் கடிந்ததில்லை. ஆனால் சில எண்களும் அறிகுறிகளும் மனப்பாடமாகவே இருக்க வேண்டும்.

படுத்திருந்தவர் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. உட்கார வை, படுக்க வை, தாதியிடம் சொல். இனிப்புநீர்க்காரர் வியர்த்து நடுங்கினால் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல். லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே என்றால் தாழ்வு. விழிப்பாக இருந்து விழுங்க முடிந்தவருக்கு 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. பக்கவாதத்தால் விழுங்குவதில் சிக்கல் உள்ளவர் வாயில் நீயாக எதையும் ஊற்றாதே.

முதுகுத் தண்டில் மார்புப் பகுதியின் ஆறாம் எலும்புக்கோ அதற்கு மேலேயோ அடிபட்டவர் திடீரென்று தலை இடிக்கிறது என்பார், முகம் சிவந்து வியர்க்கும், ரத்த அழுத்தம் ஏறும். உடனே நிமிர்த்தி உட்கார வை, இறுக்கமான துணியைத் தளர்த்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா பார், ஆளைக் கூப்பிடு. மடங்கிய குழாயே பல நேரம் காரணமாக இருக்கும். அப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து.

ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டி இருக்கலாம். "எண்ணெய் போட்டு நீவி விடட்டுமா?" என்று வீட்டார் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லி, காரணத்தையும் சொல்ல வேண்டும்: கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். காரணம் சொல்லாமல் தடுத்தால், நீ போனபிறகு நீவுவார்கள்.

ஸ்ப்ளிண்ட் செய்வதில் புதியவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்?

வடிவம் அழகாக வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதில். பிளாஸ்டிக் தகட்டைப் பெரும்பாலும் 65 முதல் 75 டிகிரி வெந்நீரில் மென்மையாக்குகிறோம். எடுத்ததும் துண்டில் ஒற்றி, முதலில் உன் மணிக்கட்டில் வைத்துப் பார். உனக்குச் சுடவில்லை என்றால்தான் நோயாளிக்கு. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் தகடு அழுத்தவே கூடாது. அணிவித்து அரை மணி நேரம் கழித்துக் கழற்று. சிவந்த தடம் 20 நிமிடத்தில் மறையவில்லையென்றால் அந்த இடத்தைச் சூடாக்கி வெளியே தள்ளு.

இனிப்புநீரால் உணர்வு மங்கிய கைக்காரர் "வலிக்கலைம்மா" என்பார். அவர் உண்மையைத்தான் சொல்கிறார், ஆனால் அந்தத் தோலுக்கு வலிக்கத் தெரியாது. நம் கண்தான் பார்க்க வேண்டும். தசைநார் தைத்தவருக்கு அறுவை மருத்துவரின் நெறிமுறையைப் படிக்காமல் ஒரு விரலையும் அசைக்க விடாதே. தைத்த நார் பழைய பலம் பெற ஏறக்குறைய 12 வாரம் பிடிக்கும். அப்புறம், நம் ஊர் வெயிலில் காரின் முன்கண்ணாடி அருகே ஸ்ப்ளிண்டைப் போட்டுவிட்டுப் போனால் அது உருகி வளைந்துவிடும். இதை வீட்டுக்கு அனுப்பும் தாளில் எழுதச் சொல்கிறேன்.

தவறு நடந்துவிட்டால்?

என் முதல் வருஷத்தில், வேறொரு மருத்துவமனையில், நான் மாற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்க பிரேக் சரியாக விழவில்லை, நான் இழுத்துப் பார்க்கவில்லை. எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனாலும் "யாரும் பார்க்கலை, சொல்லாம விட்டுடலாமா?" என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தக் கணத்தை இன்றும் மறக்க முடியவில்லை. என் சீனியரிடம் போய்ச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது "அம்மாவை டாக்டர் பார்த்தாரா?" என்று. இரண்டாவது, "நீ தண்ணி குடிச்சியா?" அப்புறம்தான் படிவத்தை எடுத்தார், இருவரும் சேர்ந்து எழுதினோம். அந்த நாற்காலியும் அன்றே பழுதுபார்க்கப் போனது. நான் மறைத்திருந்தால் மறுநாள் வேறொருவர் அதில் உட்கார்ந்திருப்பார்.

ஆகவே என் வரிசை இதுதான்: நோயாளி, பிறகு தெரபிஸ்ட், பிறகு படிவம். குடும்பத்தாரிடமும் அன்றே சொல்ல வேண்டும். அந்தப் பேச்சுக்குப் புதியவரைத் தனியாக அனுப்பக் கூடாது.

மதிப்பீட்டுச் சோதனைகளில் வரும் மதிப்பெண்ணை நம்பலாமா?

நம்பலாம், அது எதை அளக்கிறது என்று தெரிந்தால். நினைவாற்றலையும் சிந்தனையையும் பார்க்கும் மோக்கா சோதனைக்கு 30 மதிப்பெண். 26க்குக் கீழே என்றால் மேலும் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். 12 வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு 1 மதிப்பெண் கூட்டுவார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று, பால்மரம் (ரப்பர்) வெட்டப் போன பாட்டியிடம் கனசதுரம் வரையச் சொன்னால்? பென்சில் பிடித்தே எத்தனையோ வருஷமாகியிருக்கும். அந்த 1 மதிப்பெண் அந்த இடைவெளியை நிரப்பாது.

அதனால் தாளோடு நிற்காமல் பாட்டியைப் பயிற்சிச் சமையலறைக்குக் கூட்டிப் போய்த் தேநீர் போடச் சொல்லச் சொல்வேன். கேஸைப் பற்றவைத்ததை மறக்கிறாரா, சர்க்கரையை இரண்டு முறை போடுகிறாரா, கொதிக்கும் பாத்திரத்தைத் துணி வைத்துப் பிடிக்கிறாரா. வீட்டில் தனியாக இருக்கலாமா என்ற கேள்விக்கு அந்தப் பதினைந்து நிமிடம் நிறையச் சொல்லிவிடும். குறிப்பில் இரண்டையும் எழுத வேண்டும்.

இலக்கு வைப்பது எப்படிச் சொல்லித்தருகிறீர்கள்?

"தோளை 90 டிகிரி வரை உயர்த்துவார்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். எதற்காக உயர்த்த வேண்டும் என்று கேட்பேன். பதில் தெரியாவிட்டால் திரும்பப் போய் நோயாளியிடம் உட்கார்ந்து பேசச் சொல்வேன். ஒரு அம்மா வலது கையால் பிசைந்து சாப்பிட வேண்டும் என்றார். இடது கையால் ஸ்பூன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அவருக்கு ஆறுதலாகவே இல்லை. இன்னொருவர் அடுத்த தைப்பூசத்துக்கு இங்குள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏற வேண்டும் என்றார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். அவரிடம் முடியாது என்று சொல்லாமல், முதலில் அடிவாரம் வரை நடந்து அங்கே நின்று கும்பிடுவது, பிறகு பத்துப் படி, என்று பிரித்துக்கொண்டோம்.

1991இல் கனடாவில் வெளிவந்த சிஓபிஎம் என்ற முறை இதற்கு நல்ல துணை. தனக்கு முக்கியமான செயலை நோயாளியே சொல்லி, எவ்வளவு நன்றாகச் செய்கிறார், எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை மதிப்பிடுவார். பிறகு மறுபடி கேட்கும்போது 2 புள்ளி ஏறியிருந்தால் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று கொள்ளலாம்.

நோயாளி எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்கிறார். புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நம்மவர்கள் மரியாதைக்காகவும் "சரி" சொல்வார்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "வீட்டுக்குப் போய் மருமகளுக்கு இதை எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்கப் பழக்குகிறேன். அவர் சொல்லும்போது எது விடுபட்டது என்று தெரிந்துவிடும். நாம் சொன்ன விதம் சரியில்லை என்று பழியை நம் மேல் போட்டுக்கொண்டு மறுபடி விளக்கலாம். வலிக்கு மட்டும் எல்லா மொழியிலும் சொல் தெரிந்திருக்க வேண்டும்: தமிழில் வலி, மலாயில் 'சாக்கிட்', பினாங்கு ஹொக்கியெனில் 'தியா'.

குறிப்பு எழுதுவது?

"நன்றாகச் செய்தார்" என்று எழுதினால் அடுத்தவருக்கு ஒன்றும் தெரியாது. "கட்டிலோரத்தில் பிடிமானமின்றி 5 நிமிடம் உட்கார்ந்தார், இடப்பக்கம் இரண்டு முறை சாய்ந்தார், சொன்னதும் நிமிர்ந்தார்" என்றால் தெரியும். அன்றே எழுது.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலைக்கு எப்போது அனுப்புகிறீர்கள்?

என்னோடு பல தடவை வந்த பிறகுதான். டேப் எடுத்துப் போய் வாசல் அகலம், படியின் உயரம், குளியலறைத் திண்டு எல்லாம் அளக்க வேண்டும். சாய்தளம் 1க்கு 12 என்ற சரிவில் வேண்டுமென்றால், 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர் நீளம் தேவை. அடுக்குமாடி வீட்டின் நடைபாதையில் அந்த இடம் இருக்காது. அப்போது வேறு வழி யோசிக்க வேண்டும், அதற்குத்தான் கூடப் போவது. பழைய வீடுகளில் உட்காரும் கழிப்பறை இல்லாததைப் பார்த்துப் புதியவர் முகம் சுளித்துவிடக் கூடாது.

எனக்கே நோயாளிகள் நிரம்பி வழிகிறார்கள். வழிகாட்ட நேரம் எங்கே?

நியாயமான கேள்வி. வாரத்தில் ஒரு மணி நேரத்தை அட்டவணையிலேயே எழுதி, நோயாளி சந்திப்பைப் போலவே அதையும் காக்க வேண்டும். அன்றாடம் வேலை முடியும் முன் பத்து நிமிடம். புதியவருக்கு முதல் மாதங்களில் கேஸ் குறைவாக இருக்கட்டும், வழிகாட்டுபவருக்கும் சற்றுக் குறையட்டும். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். இதை ஓய்வு நேரத்தில் செய்யும் உதவி என்று நினைத்துக்கொண்டிருக்கும்வரை யாரும் நேரம் ஒதுக்க மாட்டார்கள்.

கேள்வியே கேட்காத பிள்ளையை என்ன செய்வது?

"கேள்வி இருக்கா?" என்றால் "இல்லைக்கா" என்றுதான் வரும். மூத்தவரிடம் கேட்டால் தெரியாதவர் என்று நினைப்பாரோ என்ற பயம். நான் இப்படிக் கேட்பேன்: "இன்னிக்கு எந்த நோயாளிகிட்ட உனக்கு நிச்சயமா தெரியலை?" ஒருவர் பெயராவது சொல்லியாக வேண்டும். நானும் என்னுடையதைச் சொல்வேன். சொல்லச் சொல்லக் கூச்சம் போகும். எல்லாம் தெரியும் என்று வேகமாகப் போகிறவரிடம் இன்னும் கவனமாக இருக்கிறேன். அவரிடம் விடையை விடக் காரணத்தைக் கேட்பேன்: "ஏன் இந்தப் பக்கம் நாற்காலி வெச்சே?" மருத்துவரைக் கூப்பிடும்போது நிலைமை, பின்னணி, தன் கணிப்பு, என்ன வேண்டும் என்ற நான்கையும் அந்த வரிசையிலேயே சொல்ல இருவருக்கும் பழக்கம் தருகிறோம்.

சீனியர் சொல்வதே தவறாக இருந்தால்?

சொல்ல வேண்டும். எங்கள் பயிற்சி அறையில் கூரையில் ஒரு கப்பி இருந்தது. கயிற்றின் ஒரு முனையை நல்ல கையாலும் மறு முனையைப் பலமிழந்த கையாலும் பிடித்துத் தோளை உயர்த்துவது. நான் பல வருஷம் பயன்படுத்திய ஒன்று. சேர்ந்து மூன்றாம் வாரம் ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்தான்: "அக்கா, பக்கவாதம் வந்த தோளுக்கு இந்தக் கப்பி வேண்டாம்னு காலேஜில் சொன்னாங்க. வலி கூடுமாம்." அன்று மாலை இருவரும் உட்கார்ந்து படித்துப் பார்த்தோம். அவன் சொன்னது சரி. மறுநாள் காலை கூட்டத்தில் அவனையே எல்லாருக்கும் விளக்கச் சொன்னேன். மதியம் ஏணி போட்டு அவனும் நானும் கப்பியைக் கழற்றினோம்.